நம் ஊரை நமக்குக் காட்டுபவர் விருந்தினரே!

நடுவர் அவர்களே, வண்ணாரப்பேட்டைப் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

சொந்த ஊரை நமக்குக் காட்டுவது வாழ்ந்த பழக்கமா, வந்த விருந்தினரா என்பது தலைப்பு. விருந்தினரே என்கிறது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய அண்ணன், "இரண்டு நாள் தங்கி இட்லி தின்றுவிட்டுப் போகிறவனுக்கு நம் ஊரைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார். ஒன்றும் தெரியாது ஐயா! தெரியாததால்தான் கேட்கிறான். அவன் கேட்ட பிறகுதான் நாம் பதில் தேடவே கிளம்புகிறோம்.

வெளியூர் நண்பர்கள் வந்தால் வடசென்னைக்காரர்களாகிய நாம் என்ன செய்கிறோம்? மெரினா, மயிலாப்பூர், மாமல்லபுரம் என்று தெற்கே கூட்டிக்கொண்டு போகிறோம். பாரிமுனைக்கு இந்தப் பக்கம் பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல! அதுவும் பழக்கம்தான் அண்ணே, உங்கள் அணி தூக்கிப் பிடிக்கும் அதே பழக்கம்.

திருநெல்வேலியிலிருந்து என் கல்லூரித் தோழர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். "கடற்கரை எங்கள் பக்கமும் இருக்கிறது, உன் பேட்டையைக் காட்டு" என்றார்கள். ராயபுரம் ரயில் நிலையத்துக்கு அழைத்துப் போனேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். வரிசையாகத் தூண்கள் நிற்கும் அந்த முகப்பை அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நாம் அங்கே அண்ணாந்து பார்ப்பது மின்சார ரயில் எத்தனை நிமிடம் தாமதம் என்பதைத்தான்.

எதிரணித் தலைவர் ஏழுகிணற்றுக்காரர். வள்ளலார் வாழ்ந்த வீடு அவர் பகுதியில் வீராசாமித் தெருவில் இருக்கிறது. உள்ளே போயிருக்கிறீர்களா ஐயா? சிரிக்கிறார். நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மிய உணவுக் கடை. தடித்த நூடுல்ஸில் கோஸும் வெங்காயமும் பூண்டெண்ணெயும் போட்டுக் கடைக்காரர் கையாலேயே பிசைந்தார். மேலே மொறுமொறுப்பான பேஜோவை நொறுக்கித் தூவினார். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். நானும் பள்ளி நாள் முதல் தின்கிறேன், காரம் கூட்டச் சொல்வதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. தோழரின் மனைவி கேட்டார்: "இது எப்படி அண்ணே இந்த ஊருக்கு வந்தது?" கடைக்காரர் கை நின்றது. 1962இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, தாத்தா ரங்கூனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார், எல்லாவற்றையும் சொன்னார். அடுத்த தட்டுக்குக் காத்திருந்தவர்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வீடு திரும்பியதும் என் அம்மா சாதாரணமாகச் சொன்னார்: "நம் மூன்றாவது வீட்டுப் பாட்டியும் ரங்கூன்தானே." மறுநாள் விருந்தினர் அத்தனை பேரும் பாட்டி வீட்டுத் திண்ணையில்!

"விருந்தினர் ரயிலேறினால் ஆர்வமும் ஏறிப் போய்விடும்" என்றும் அண்ணன் சொன்னார். போகவில்லை. என் மகள் இப்போது பள்ளி விட்டதும் அந்தத் திண்ணைக்குத்தான் போகிறாள். பர்மியக் கணக்கில் பத்து வரை எண்ணுகிறாள்.

எனக்கு அடுத்துப் பேசவரும் எதிரணித் தங்கைக்கு ஒரே கேள்வி: உங்கள் தெருவில் பர்மாவிலிருந்து வந்த வீடு எது? அதைச் சொல்லிவிட்டு உங்கள் வாதத்தைத் தொடங்குங்கள்.