பழைய டிஎன்எஸ் சர்வரை உடனே அணைக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபம், பாம்பன், தொண்டி என்று நம் கரையோரத்தில் உள்ள மீன் ஏற்றுமதி கம்பெனிகளுக்கும் ஐஸ் ஃபேக்டரிகளுக்கும் விடுதிகளுக்கும் டெலிபோன், நெட்வொர்க் வேலை செய்து கொடுப்பது என் தொழில். கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாகவே பேசுகிற ஐபி போன் பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: போன் சிஸ்டத்தில் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை மாற்றுவது. டைப் செய்யப் போனால் ஒரு வரிதான். மாற்றி முடித்து எல்லாரும் அதை மறந்த பிறகு வருகிற கோளாறுதான் ஆளைப் படுத்தி எடுக்கும்.

டிஎன்எஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஜெட்டியில் படகைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறோம். டோக்கன் வாங்கப் போனால் பதிவெண் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் உலகத்தில் அந்தப் பெயருக்கு உரிய எண்ணைச் சொல்வது டிஎன்எஸ். 1983-இல் பால் மொக்காபெட்ரிஸ் வகுத்த ஏற்பாடு இது. இன்றைக்கு நம் மேசையில் இருக்கிற போன்வரை அதைத்தான் நம்பி நிற்கிறது.

சரி, கம்பெனியில் புது டிஎன்எஸ் சர்வர் வாங்கியாகிவிட்டது, பழையதைக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போன்களை எல்லாம் இணைத்து நடத்துகிற சர்வராகப் பலரும் வைத்திருக்கிற சிஸ்கோ கால் மேனேஜரையே எடுத்துக்கொள்ளலாம். அதில் கமாண்ட் லைனுக்குப் போய் 'செட் நெட்வொர்க் டிஎன்எஸ் பிரைமரி' என்று அடித்துப் புது முகவரியைக் கொடுக்க வேண்டும். நெட்வொர்க் கொஞ்ச நேரம் அறுந்து ஒட்டும். அப்புறம் அதன் வெப் பக்கங்களை நடத்துகிற டாம்கேட் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். முடிந்தால் சர்வரையே ரீஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது. பப்ளிஷர் என்கிற தலைமை சர்வரில் மாற்றினால், சப்ஸ்கிரைபர் என்கிற துணை சர்வர்களுக்குத் தானாகப் போய்விடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. போகாது. ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும், ஒன்று முழுதாக எழுந்து நின்ற பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். பேக்அப் எடுத்தீர்களா என்று நான் கேட்கவே வேண்டியதில்லை.

கை வைப்பதற்கு முன்னாலேயே புது டிஎன்எஸ்ஸிடம் கேள்வி கேட்டுப் பார்த்துவிடுங்கள். கம்பெனிக்குள் மட்டும் புழங்குகிற பெயர்கள் அதற்குத் தெரிகிறதா? பெயரைக் கொடுத்தால் எண் வருகிற மாதிரி, எண்ணைக் கொடுத்தால் பெயர் வருகிறதா? மொபைலில் ஓடுகிற சாஃப்ட்போன் சர்வரைத் தேடிப் போக எஸ்ஆர்வி என்று ஒரு பதிவு வேண்டும். பழையதிலிருந்து புதியதற்குக் கொண்டுவரும்போது முதலில் விட்டுப்போவது அதுதான். அவசரத்துக்குக் கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரியான எட்டு எட்டு எட்டு எட்டு என்று போட்டுவிடுவதும் நம் ஆட்களிடம் ஒரு பழக்கம். கூகுளுக்கு உலகத்து வெப்சைட் எல்லாம் தெரியும். மண்டபம் யூனிட்டில் இருக்கிற உங்கள் வாய்ஸ்மெயில் சர்வரின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்?

இதுவரை சொன்னது கவனமாகச் செய்தால் முடிந்துவிடுகிற வேலை. பழைய முகவரியை இன்னும் யார் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் சிக்கல்.

போன்களுக்கு டிஎன்எஸ் முகவரியைக் கொடுப்பது டிஹெச்சிபி. அங்கே ஆறாம் எண் ஆப்ஷனில் மாற்ற வேண்டும். மாற்றினாலும் எல்லாப் போனுக்கும் உடனே போய்ச் சேராது. கொடுத்த முகவரி செல்லுபடியாகும் காலத்தை லீஸ் என்பார்கள்; விண்டோஸ் சர்வரில் அது வழக்கமாக எட்டு நாள். அதில் பாதி கழிந்த பிறகுதான் போன் புதுப்பிக்கக் கேட்கும். ஆகவே நாலு நாள் வரை சில போன்களில் பழைய முகவரிதான் இருக்கும். இது போக, கையால் முகவரி போட்டு வைத்த போன்கள் தனி. வாசல் செக்யூரிட்டி, எடை மேடை, ஐஸ் அறைக்கு வெளியே சுவரில் மாட்டிய போன் என்று எப்போதோ யாரோ போட்டது எந்தக் குறிப்பிலும் இருக்காது. வெளி லைன் கொண்டுவருகிற கேட்வே, கால் ரெக்கார்டர், வாய்ஸ்மெயில் இவற்றுக்கும் சொந்தமாக ஒரு டிஎன்எஸ் வரி உண்டு.

விட்டுப்போனது உடனே தெரிந்தால் பரவாயில்லை. ஆனால் இரண்டாவதாக ஒரு டிஎன்எஸ் கொடுத்திருப்போம் அல்லவா, அது குறையை மூடி மறைத்துவிடும். லினக்ஸில் ஓடுகிற பெட்டி பெரும்பாலும் முதல் சர்வரிடம் கேட்டு, வழக்கமாக ஐந்து விநாடி காத்திருந்து, பதில் இல்லை என்றால்தான் இரண்டாவதிடம் போகும். ஆகவே கால் போகும், ஆனால் தயங்கித் தயங்கிப் போகும். "டயல் பண்ணினா கொஞ்ச நேரம் சத்தமே இல்ல சார், அப்புறம் ரிங் போகுது" என்பார்கள். நம் ஊர் டெக்னீஷியன் முதலில் சந்தேகப்படுவது உப்புக்காற்றை. அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கே ஜாக்கைக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சை பூத்திருப்பது அன்றாடக் காட்சி. வயரை மாற்றுவார், ஜாக்கை மாற்றுவார். ஐந்து விநாடி மட்டும் அப்படியே இருக்கும்.

இரண்டாவது டிஎன்எஸ் இல்லாத போனின் கதை வேறு. கால் மேனேஜரோடு ஏற்கெனவே இணைந்திருக்கிற போன் மறுபடி பெயரைத் தேட வேண்டியதில்லை. பழைய சர்வரை அணைத்த பிறகும் நாள்கணக்கில் ஜோராக வேலை செய்யும். ஒருநாள் கரண்ட் போய் வரும். போன் எழுந்து, சர்வரின் பெயரைத் தேடி, பதில் கிடைக்காமல் 'ரிஜிஸ்டரிங்' என்று காட்டிக்கொண்டே நிற்கும். டிஎன்எஸ் மாற்றி ஒரு மாதம் ஆகியிருக்கும்; பழி கரண்ட் கம்பெனி மேல் விழும்.

அதனால்தான் பழைய சர்வரை உடனே அணைக்காதீர்கள் என்கிறேன். ஓடட்டும். அதில் வந்த கேள்விகளை எல்லாம் குறித்து வைக்கிற குவெரி லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, இன்னும் யார் வந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு வரியிலும் கேட்டவரின் ஐபி எண் இருக்கும்; அந்த எண்ணைப் பிடித்துப் போனால் எடை மேடைப் போனில் போய் நிற்பீர்கள். கால் மேனேஜர் பக்கம் சந்தேகம் வந்தால், அதிலேயே, டிஎன்எஸ் கேள்விகள் போகிற ஐம்பத்து மூன்றாம் போர்ட்டில் பாக்கெட் பிடித்துப் பார்க்கலாம். கேள்வி எந்த முகவரிக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். லாக்கில் ஒரு வரிகூட விழாத நிலை வந்த பிறகும் பெட்டியை அணைக்க வேண்டாம், டிஎன்எஸ் சர்வீஸை மட்டும் நிறுத்துங்கள். ஏதாவது ஆனால் ஒரு நிமிடத்தில் திரும்பத் தொடங்கிவிடலாம். நிறுத்திய கையோடு, பகல் வேளையிலேயே, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு போனின் வயரைப் பிடுங்கி மாட்டிப் பாருங்கள். கையால் முகவரி போட்ட போன்களை ஒன்று விடாமல் பிடுங்கி மாட்டுங்கள்.

எப்போது செய்வது? நகரத்துக் கம்பெனிகளில் நள்ளிரவு என்பார்கள். நமக்கு அது சரிவராது. படகு கரை சேர்ந்து விலை பேசுகிற விடியற்காலையில் போன் அடங்காமல் அடிக்கும்; நள்ளிரவில் கெடுத்ததைச் சரிசெய்ய நேரம் இருக்காது. ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம் இருக்கிறது. விசைப்படகு கடலுக்குப் போகாது, கொள்முதல் பிரிவில் போன் அதிகம் அடிக்காது. லீஸ் கழியவும், லாக்கைப் பார்க்கவும், விட்டுப்போனதைத் தேடிப் பிடிக்கவும் அதைவிட வசதியான காலம் இந்தக் கரையில் கிடையாது. விடுதிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவர்களுக்குக் கோடை விடுமுறைக் கூட்டம் அப்போதுதான். அவர்கள் பள்ளிக்கூடம் திறந்த பிறகு கூப்பிட்டால் போதும்.

வணக்கம்.