மூங்கில் தின்னும் கரடி

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

‘ஜயன்ட் பாண்டா’ என்ற ஆங்கிலப் பெயரைத் தமிழில் ராட்சத பாண்டா என்கிறோம், பாண்டாக் கரடி என்கிறோம். இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். பாண்டா என்ற பெயர் முதலில் இந்த விலங்குக்கு உரியதே அல்ல. 1825இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஃபிரெடெரிக் கூவியே அந்தப் பெயரோடு விவரித்தது சிவப்புப் பாண்டாவை. சிக்கிமிலும் டார்ஜிலிங் மலைகளிலும் மரமேறித் திரிகிற, வளைய வாலுள்ள சிறிய விலங்கு அது. 1869இல் சீனாவின் சிச்சுவான் மலைப்பகுதியில் கறுப்பு வெள்ளைத் தோல் ஒன்றைக் கண்ட பாதிரியார் அர்மான் தவீது, அதற்குரிய விலங்கைக் கரடி இனத்தில்தான் சேர்த்தார். மறு ஆண்டே பாரிசில் எலும்பையும் பல்லையும் ஆராய்ந்த அல்ஃபோன்ஸ் மில்ன்-எட்வர்ட்ஸ், இது சிவப்புப் பாண்டாவுக்கு நெருக்கமானது என்றார். அந்தக் கருத்தை ஒட்டி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஜயன்ட் பாண்டா’ என்ற பெயர் நிலைத்தது. 1980களில் மரபணு ஆய்வு வந்தபோது, தவீது சொன்னதே சரியென்று தெரிந்தது. இது கரடிதான், சிவப்புப் பாண்டா தனிக் குடும்பம். ஆனால் இன்று ஆங்கிலத்தில் வெறுமனே பாண்டா என்றால் கரடியைத்தான் குறிக்கும். பெயரின் முதல் சொந்தக்காரருக்கு ‘சிவப்பு’ என்ற அடைமொழி தேவைப்படுகிறது!

கரடி என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இதன் பாடு புரியும். உணவில் 99 சதவீதம் மூங்கில். குடலோ ஊனுண்ணியின் குடல்: நீளம் குறைவு. மாட்டுக்கு இருப்பதுபோல் நாரை ஊறவைத்து நொதிக்கவிடும் வயிற்றறைகள் கிடையாது. தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செரிப்பதில்லை. சில மணி நேரத்தில் பச்சை நாராகவே வெளியே வந்துவிடுகிறது. ஆகவே அளவால்தான் ஈடுகட்ட வேண்டும். இலையும் தண்டுமாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், நீர்ச்சத்து மிகுந்த குருத்துக் காலத்தில் முப்பது கிலோவையும் தாண்டித் தின்கிறது. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதிலேயே போகிறது. செலவையும் சுருக்கிக்கொள்கிறது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், இந்த எடையுள்ள பாலூட்டி செலவிட வேண்டிய ஆற்றலில் சுமார் 38 சதவீதத்தைத்தான் பாண்டா செலவிடுகிறது என்று கண்டார்கள். சோம்பேறி என்று அதைச் சொல்வது அநியாயம்.

அது தின்பதைக் கிட்டே இருந்து கவனித்தால் வியப்பாக இருக்கும். மணிக்கட்டு எலும்பொன்று நீண்டு கட்டைவிரல் போலப் பயன்படுகிறது. உட்கார்ந்தபடியே குருத்தை அதில் பற்றி, பல்லால் மேலுறையைக் கடித்து, குருத்தைத் திருப்பித் திருப்பி உரித்து எறிகிறது. இலையாக இருந்தால் ஒவ்வொரு கொத்தாகக் கடித்து வாயோரம் சேர்த்துக்கொண்டே வரும். கட்டு பெரிதானதும் கையால் எடுத்துப் பிடித்துக்கொண்டு, வெற்றிலைச் சுருளைக் கடிப்பதுபோல் நுனியிலிருந்து கடித்து மெல்லும்.

எந்த மூங்கில், எந்தப் பருவம் என்பதிலும் கணக்கு உண்டு. சீனாவின் சின்லிங் மலையில் இளவேனிலில் பாண்டாக்கள் தின்பது கீழ்ச்சரிவு மூங்கிலின் குருத்து. அது முற்றி நாரேறியதும், உயரத்தில் அப்போதுதான் குருத்துவிடும் வேறொரு மூங்கிலைத் தேடி மேலே ஏறுகின்றன. குருத்தில் புரதமும் பாஸ்பரசும் அதிகம், சுண்ணாம்புச்சத்து குறைவு. அந்தக் குறையை மேல்மலையின் இளம் இலை தீர்க்கிறது. கீழே வயலும் சாலையும் வந்து ஒரு சரிவு போனால், ஆண்டின் ஒரு பருவத்துச் சாப்பாடே போய்விடுகிறது.

இதைவிடப் பெரிய ஆபத்து மூங்கில் பூப்பது. மூங்கிலரிசி வாங்கிச் சமைக்கும் நமக்குத் தெரியும், பூத்த மூங்கில் பட்டுப்போகும் என்று. பல பத்தாண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே இனம் மலை முழுக்க ஒருசேரப் பூத்து மடிகிறது. விதையிலிருந்து முளைத்து மறுபடி பாண்டா தின்னும் அளவுக்கு வளரப் பத்து ஆண்டுக்கு மேலாகும். முற்காலத்தில் பாண்டாக்கள் பூக்காத மூங்கில் இருக்கும் அடுத்த மலைக்குப் போய்விடும். 1970களின் நடுவில் சீனாவின் மின்ஷான் மலையில் பூத்தபோது, இடையில் வயலும் சாலையும் வந்துவிட்டதால் அந்த வழி எளிதாக இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவை மாண்டன.

இனி குட்டியின் கதை. ஏறக்குறைய நூறு கிலோ தாய்க்கு நூறு கிராம் குட்டி. பாதிக்குப் பாதி இரட்டை பிறந்தாலும், காட்டில் தாய் பொதுவாக ஒன்றைத்தான் வளர்க்கும். காப்பகங்களில் ஒன்றைத் தாயிடமும் மற்றதை வெப்பப் பெட்டியிலும் வைத்து, நாளில் பலமுறை மாற்றிவிடுகிறார்கள். பெட்டியில் இருப்பதன் அடிவயிற்றை ஈரப்பஞ்சால் மெல்லத் தடவிவிட வேண்டும். தாயின் நாக்கு செய்யும் வேலை அது. செய்யாவிட்டால் குட்டிக்கு மலம் இறங்காது.

காப்பகத்தில் இப்படி எண்ணிக்கையைக் கூட்டிவிடலாம். காட்டைக் கூட்டுவதுதான் கடினம். 2015இல் வெளியான சீனாவின் நான்காவது தேசியப் பாண்டாக் கணக்கெடுப்பின்படி காட்டில் இருந்தவை 1,864. அவையும் சிச்சுவான், ஷான்சி, கான்சு மாகாணங்களில் 33 துண்டுகளாகப் பிரிந்து கிடந்தன. ஆகவேதான் இப்போது துண்டுகளை இணைக்கும் வழித்தடங்களுக்கு முதலிடம். சின்லிங்கில் 108ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை மலைக்கடியில் சுரங்கமாகக் கொண்டுபோன பிறகு, மேலே கைவிடப்பட்ட பழைய சாலையோரம் மூங்கில் நட்டார்கள். 2021இல் அறிவிக்கப்பட்ட பாண்டா தேசியப் பூங்கா சுமார் 22,000 சதுர கிலோமீட்டர். சிதறிக் கிடந்த காப்புக்காடுகள் பலவற்றை ஒரே நிர்வாகத்தில் கொண்டுவந்ததுதான் அதன் முக்கியமான வேலை.