28 வயதில் அக்கி வருமா? தடுப்பூசி போடலாமா?

அடுத்த கேள்வி குலசேகரம் பக்கத்திலிருந்து. “எனக்கு 28 வயசு, ரப்பர் பால் வெட்டுற வேலை. இடது விலாவில் ரெண்டு நாளா எரிச்சல், இன்னைக்குக் கொப்புளம் வந்திருக்கு. அக்கின்னு அம்மா சொல்லுகாங்க. இந்த வயசுல வருமா? தடுப்பூசி போட்டா மாறுமா?”

உடனே டாக்டரைப் பாருங்கள் என்று இவருக்கு நேற்று ராத்திரியே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று இங்கே சொல்கிறேன்.

வரும் தம்பி. சின்ன வயதில் சின்னம்மை வந்து போன பிறகும் அந்த வைரஸ் நரம்பு வேரில் உறங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியாக வெளியே வருவதுதான் அக்கி. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வருகிறது. உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிர் போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். அதை நம்ப வேண்டாம்.

இப்போது உங்களுக்கு வேண்டியது ஊசி இல்லை, மாத்திரை. கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் அல்லது வாலாசைக்ளோவிர் தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். காவி பூசி அக்கி எழுதிப் பார்ப்போம் என்று மூன்று நாளைக் கழிப்பவர்களை நினைத்தால்தான் எனக்கு வேதனை. போன நேரம் திரும்பாது.

இளம் வயதில் வருகிற பலருக்கு வேறு நோய் எதுவும் இருக்காது. இருந்தாலும் சர்க்கரையும் எச்.ஐ.வி.யும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, தடுப்பூசி. ஷிங்க்ரிக்ஸ் முக்கியமாக 50 வயது தாண்டியவர்களுக்கானது. இரண்டு டோஸ், இடையில் 2 முதல் 6 மாதம். அமெரிக்காவில் 2021 முதல், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 18 வயதிலிருந்தே அனுமதி உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், உறுப்பு மாற்று செய்தவர்கள் மாதிரி. உயிருள்ள வைரஸ் இதில் இல்லை என்பதால் அவர்களுக்கும் போடலாம். வந்த அக்கியை இது ஆற்றாது. விலையும் ஆயிரக்கணக்கில். ஆரோக்கியமான 28 வயதுக்காரர் இதற்காகக் கடன் வாங்க வேண்டாம். அம்மாவுக்கு 50 தாண்டியிருந்தால் அவருக்குப் போடுவதைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், கொப்புளம் காய்ந்து பொருக்கு தட்டும்வரை துணியால் மூடி வையுங்கள். அம்மை வராத கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பக்கத்தில் வர வேண்டாம், அந்த நீர் பட்டால் அவர்களுக்குச் சின்னம்மை வரலாம். யாருக்காவது நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். பார்வை போகிற ஆபத்து அதில் உண்டு.