தாங்காவில் தாங்காமல் போனது யார்?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். பத்து நிமிஷம்தான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் உலகப்போரில், 1914 நவம்பரில், அன்றைய ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் (இன்றைய தான்சானியாவின்) தாங்கா துறைமுகத்தில் பிரிட்டன் தோற்றது எதிரியின் திறமையாலா, சொந்தத் தளபதிகளின் அலட்சியத்தாலா? அலட்சியத்தால்தான் என்பது எங்கள் அணி. பிரிட்டனுக்காகப் பம்பாயிலிருந்து வந்த இந்தியப் படை ஏறக்குறைய 8,000 பேர். ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்கிடம் இருந்தது சுமார் 1,000 பேர். எட்டுக்கு ஒன்று!

என்ன நடந்தது, கேளுங்கள். நவம்பர் 2 காலை ஃபாக்ஸ் என்ற போர்க்கப்பலில் கேப்டன் கோல்ஃபீல்ட் வருகிறார். சுடவில்லை. ஊர் அதிகாரியைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் சரணடையச் சொல்கிறார். அதோடு விட்டாரா? "துறைமுகத்தில் கண்ணிவெடி இருக்கிறதா?" என்று அவரிடமே கேட்கிறார்! நடுவர் அவர்களே, திருடப் போனவன் கதவைத் தட்டி, "அண்ணாச்சி, நாயை அவிழ்த்து விட்டிருக்கீகளா, கட்டிப் போட்டிருக்கீகளா?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? "கட்டித்தான் இருக்கு, வாங்க, காபி போடுறேன்" என்றா? அந்த அதிகாரியும் "இருக்கு" என்றார். ஒன்றுகூட இல்லை! இல்லாத கண்ணிவெடியை இவர்கள் கடலில் துழாவிக்கொண்டிருக்க, உள்நாட்டு ஊரான மோஷியிலிருந்து எதிரி சாவகாசமாக ரயிலேறி வந்து சேர்ந்தான். சீட்டு வாங்கிக் கொடுக்காததுதான் பாக்கி.

சரி, இப்போது எதிரணி நண்பருக்கு வருகிறேன். "தாங்காவில் தாங்காமல் ஓடியது 63-ஆவது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற இந்தியப் படைப்பிரிவு. தேனீக்குப் பயந்த ஊர்க்காரர் வீரம் பேசலாமா?" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். நான் பிறந்தது பாளையங்கோட்டை என்று தெரிந்தே சொன்னார். பெயர்தான் எங்கள் ஊர், ஆட்கள் மதராஸ் மாகாணத்துப் பல ஊர்க்காரர்கள். இருந்தாலும் பழியை நானே வாங்கிக்கொள்கிறேன்.

ஓடினார்கள். மறுக்கவில்லை. ஆனால் மரக்கிளைகளில் தொங்கிய கூடுகளைத் துப்பாக்கிச் சத்தம் கலைத்தபோது, தேனீ ஆள் பார்த்தா கொட்டியது? வெள்ளைக்காரனையும் கொட்டியது, ஜெர்மானியரின் மெஷின் கன் ஆட்களையும் கொட்டியது. அப்புறம், ஜெர்மானியர் தேனீயைப் பழக்கி ஏவினார்கள் என்று ஒரு புரளியே கிளம்பியது. தோற்றவனுக்குச் சாக்கு வேண்டாமா? பிரிட்டனுக்குத் தேனீ, நம் நண்பருக்குப் பாளையங்கோட்டை.

அக்டோபர் 16-இல் பம்பாயை விட்ட கப்பல்களில் நெருக்கியடித்து, வாந்தியெடுத்து வந்தவர்கள் அவர்கள். பிரிட்டன் வசமிருந்த மொம்பாசா துறைமுகத்தில் இறக்கி, கொஞ்சம் காலாற விடலாம் என்றதற்குத் பிரிட்டன் தரப்புத் தளபதி மேஜர் ஜெனரல் எய்ட்கென் ஒத்துக்கொள்ளவில்லை. ஊரை வேவு பார்க்கவும் இல்லை. லெட்டோவோ ராத்திரியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போய்த் தாங்காவைப் பார்த்துவிட்டு வந்தார். இது திறமைதானே என்பீர்கள். திறமைதான். மேஜர் ஜெனரலுக்கு ஒரு சைக்கிள் கிடைக்கவில்லையா?

5-ஆம் தேதி தோற்றுக் கப்பலேறிப் போனபோது எதிரிக்கு 16 மெஷின் கன், நூற்றுக்கணக்கான துப்பாக்கி, 6 லட்சம் தோட்டா என்று சீர்வரிசை வைத்துவிட்டுத்தான் போனார்கள்.

மணி அடிக்கிறீர்கள் ஐயா, தெரிகிறது. அந்தக் கரையில் 300-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். எதிரே நின்று சுட்ட அஸ்காரியும், அதாவது ஜெர்மானியப் படையின் ஆப்பிரிக்கச் சிப்பாயும், ஏதோ ஒரு ஆப்பிரிக்கக் கிராமத்துப் பையன்தான். ஜெர்மானியப் பேரரசர் கைசரை அவனும் பார்த்ததில்லை, ஜார்ஜ் மன்னரை இவனும் பார்த்ததில்லை. 1922-இல் அந்தப் பாளையங்கோட்டைப் படையையே கலைத்துவிட்டார்கள். தலைப்பு எங்கே போனது என்று எதிரணி கேட்கும், போகட்டும். கப்பலேறிய மகன் எப்போது வருவான் என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் விசாரித்துக்கொண்டு, மதராஸ் மாகாணத்தில் ஏதோ ஒரு திண்ணையில் ஒரு தாய் உட்கார்ந்திருந்திருப்பாள். நண்பரே, அந்தத் தேனீ ஜோக்கை அவளிடம் போய்ச் சொல்லியிருப்பீர்களா?

வணக்கம்.