சைக்கஸ்: மரம் நிற்கட்டும், மகரந்தம் போகட்டும்

[காட்சி: சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா, பரிணாமத் தோட்டம்]

சைக்கஸ் பார்க்கப் பனைபோல இருக்கும், ஆனால் பூக்காத பழங்காலத் தாவரம். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டும் ஒரே சமயத்தில் முதிராவிட்டால் விதை கிடையாது. கிடைத்த விதையையும் காயவைத்து ஆண்டுக்கணக்கில் உறையவைக்க முடியாது, காய்ந்தால் செத்துவிடும். உயிருள்ள மரமாக வைத்துத்தான் காக்கவேண்டும். பிலிப்பீன்ஸின் குலியோன் தீவில் மட்டும் இயற்கையாக வளரும் சைக்கஸ் வடேயி போன்ற இனத்துக்கு ஒரே தோட்டத்தை நம்புவது ஆபத்து. நாற்றுகளைப் பல நாட்டுத் தோட்டங்கள் பங்கிட்டுக்கொண்டு, எந்தத் தாய் மரத்தின் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பொதுப் பதிவேடு வைக்கவேண்டும்.

[அண்மைக் காட்சி: ஆண் கூம்பு]

ஆண் இங்கே, பெண் தாய்லாந்தில் என்றால்? மகரந்தத்தை அனுப்பலாம். கூம்பின் செதில்கள் விரியத் தொடங்கியதும் வெட்டி, அறைக்குள் சுத்தமான தாள்மேல் வையுங்கள். ஓரிரு நாளில் மஞ்சள் தூள் கொட்டும். சலித்து, சிலிக்கா ஜெல்லோடு உலர்த்தி, சிறு குப்பியில் அடைத்து மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம். குப்பிமேல் மர எண் இல்லையென்றால் தூளைக் கொட்டிவிடலாம், பயனில்லை. பலரும் கெடுப்பது எடுக்கும்போதுதான்: சில்லென்ற குப்பியை உடனே திறந்தால் நம் ஊர் ஈரக்காற்று உள்ளே வியர்த்து, மகரந்தம் கட்டிதட்டிவிடும். அறைச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள்.

பெண் மரத்தின் சூலிலைகள் (விதையாகும் சூல்களைத் தாங்கும் இலைகள்) லேசாக விலகும்போது ரப்பர் ஊதுகுமிழால் தூளை உள்ளே ஊதவேண்டும். எல்லாச் சூலும் ஒரே நாளில் தயாராகாது. சில நாள் விட்டு மறுபடி ஊதுங்கள். அதற்கு முன்பே மெல்லிய துணியுறை கட்டியிருக்கவேண்டும். சைக்கஸ் இனங்கள் தங்களுக்குள் எளிதில் கலக்கும். புளோக்குக் கீழே அழகுக்கு நிற்கும் சைக்கஸ் ரெவலூட்டாவின் மகரந்தம் புகுந்தால், பிறப்பது கலப்பினம். காட்டில் திரும்ப நட உதவாது.

[காட்சி: வாளித் தண்ணீரில் விதைகள்]

விதையின் சதையைக் கையுறையோடு நீக்குங்கள், நச்சு உண்டு. மிதக்கும் விதை சொத்தை என்பார்கள். கடற்கரை இனமான சைக்கஸ் எடென்டாட்டாவுக்கு இது பொருந்தாது. உள்ளே பஞ்சுபோன்ற திசு இருப்பதால் நல்ல விதையும் மிதக்கும், கடல்வழிதான் அது பரவுகிறது. எறிந்துவிடாதீர்கள். கரடுமுரடான மணலில் பாதி புதைத்துப் படுக்கவைத்தால் போதும். கரு முதிரவே மாதக்கணக்காகும், தோண்டிப் பார்க்கக்கூடாது.

காகிதவேலை: சைட்டிஸ் என்பது அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். அதன் இரண்டாம் பட்டியலில் உள்ள சைக்கஸ்களின் விதைக்கும் மகரந்தத்துக்கும் சைட்டிஸ் அனுமதி வேண்டாம், முழுச் செடிக்கு வேண்டும். ஆந்திர மலைகளின் சைக்கஸ் பெட்டோமி முதல் பட்டியல். அதன் விதைக்கும் வேண்டும். தாவர நலச் சான்றிதழையும் அனுப்பும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

[அண்மைக் காட்சி: இலையின் அடிப்புறம், வெள்ளைச் செதில்கள்]

செடியையே அனுப்பத் தயங்குவது இதனால்தான். தென்கிழக்காசியாவைச் சேர்ந்த இந்தச் செதில்பூச்சி 2003இல் குவாம் தீவில் தென்பட்டது. அதை அடக்கும் குளவிகள் அங்கே இல்லாததால், அத்தீவின் சைக்கஸ் மரங்களில் பெரும்பாலானவை அழிந்துபோயின. பூச்சி செத்தாலும் அதன் மேலோடு இலையில் ஒட்டியே இருக்கும். ஊசியால் புரட்டி நசுக்குங்கள், ஈரம் கசிந்தால் உயிரோடிருக்கிறது. பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் தோட்டக்கலை எண்ணெய் இலையோடு நின்றுவிடும், பூச்சியோ வேரிலும் குடியிருக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து வந்த செடியானாலும் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணைக் கழுவி, வேரைப் பார்த்த பிறகே உள்ளே விடவேண்டும்.