கொல்லையில் அவரையும் செவ்வந்தியும்

வணக்கம், நேயர்களே. ஆடி நெருங்குகிறது, டெல்டா வீடுகளில் போன வருஷத்து அவரை விதையை எங்கே முடிந்து வைத்தோம் என்று தேடுகிற நேரம், அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். கொல்லையில் இடம் கொஞ்சம்தான் இருக்கும், அவரை ஊன்றுகிற பாத்தியிலேயே ஓரமாக இரண்டு செவ்வந்திக் கன்றையும் நட்டு, இரண்டுக்கும் ஒரே குடத்துத் தண்ணீர், ஒரே கூடை எரு என்று போட்டுவிடுகிறோம். கடைசியில் பந்தல் முழுக்க இலை அடர்ந்து நிற்கும், காய் இருக்காது. கீழே செவ்வந்தி நரங்கிப்போய் ஒற்றைக் குச்சியில் ஒரே ஒரு பூவைக் காட்டும். செடியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவரைக்கு அந்த எரு அதிகம், செவ்வந்திக்கு அதே எரு போதாது.

அவரைக்குத் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, நாம் கூடைகூடையாகக் கொட்ட வேண்டியதில்லை. அதன் வேர் முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது, பதிலுக்குச் செடி தன் இலையில் தயாரித்த சர்க்கரையை அதற்குக் கொடுக்கிறது. இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒன்றரை மாதச் செடி ஒன்றை, பிடுங்காமல், சுற்றி மண்ணைக் கிளறி மெதுவாக எடுத்து, வேரைத் தண்ணீரில் அலசுங்கள். சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருப்பதுபோல அதற்குள் லெக்ஹீமோகுளோபின் என்று ஒன்று இருக்கிறது, அந்த நிறம்தான் அது. பச்சையாகவோ வெளுத்தோ கிடந்தால் வேலை நடக்கவில்லை. மண்ணிலேயே யூரியா தாராளமாகக் கிடைத்துவிட்டால் செடி முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொண்டு, கொடியும் இலையுமாக ஓட ஆரம்பித்துவிடும். இதுவரை பயறோ அவரையோ போடாத மண் என்றால், ரைசோபியம் பொட்டலம் ஒன்று வாங்கி, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையை அதில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி ஊன்றுங்கள். வெயிலில் மட்டும் காயவைக்காதீர்கள், பாக்டீரியா செத்துவிடும். அடியுரமாகக் கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட், அளவாக மக்கிய எரு, அது போதும் அவரைக்கு.

செவ்வந்திக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு வேண்டியது அத்தனையும் மண்ணிலிருந்துதான் வர வேண்டும், வேரோ மேலாகவே ஓடுவது, ஆழத்தில் இருப்பதைத் தேடிப் போகாது. அதனால் ஒரே தடவையில் கொட்டாமல், மக்கிய எரு, அப்புறம் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்குத் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மொட்டு தெரிய ஆரம்பித்தபிறகு தழைச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கிள்ளுவது. நம் பெண்கள் பலருக்கு இதற்கு மனசு வராது, ஆனால் நட்ட நான்காவது வாரத்தில் செவ்வந்தியின் நுனியைக் கிள்ளித்தான் ஆக வேண்டும். நுனிமொட்டு இருக்கும்வரை பக்கக் கிளைகளைத் தலையெடுக்க விடாது. அதை எடுத்தால்தான் கீழேயிருந்து நாலைந்து கிளை வெடித்து, ஒவ்வொன்றிலும் பூ வரும். அவரையில் இதற்கு நேர்மாறு. கொடி பந்தல் ஏறும்வரை நுனியைத் தொடாதீர்கள், ஏறிப் படர ஆரம்பித்ததும் கிள்ளிவிடலாம். பந்தல் போட இடமில்லாதவர்கள் மூங்கில் நட்டுக் கயிறு கட்டிக் கீற்றுக் கொட்டகை மேலேயே ஏற்றிவிடலாம், நம் பக்கத்தில் காலங்காலமாகச் செய்வதுதான்.

இத்தனை வித்தியாசத்துக்கு நடுவே இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு, பலர் கவனிக்காதது. நாட்டுப் பந்தல் அவரை, செவ்வந்தி, இரண்டுமே இரவு நீள நீளத்தான் பூக்கும். தஞ்சாவூர், திருச்சி பக்கம் ஜூன் கடைசியில் இருக்கும் பகலுக்கும் டிசம்பர் கடைசியில் இருக்கும் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான் வித்தியாசம், அதையே இந்தச் செடிகள் இலையால் உணர்ந்துவிடுகின்றன. ஆடியில் ஊன்றிய அவரை கார்த்திகை, மார்கழிக்குத்தான் காய்க்கிறது என்று சலித்துக்கொள்ள வேண்டாம், சித்திரையில் ஊன்றினாலும் அது பகல் சுருங்கும்வரை காத்திருக்கும். அவசரம் என்றால் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை ரகங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பகலின் நீளம் ஒரு பொருட்டில்லை. இன்னொன்று, தெருவிளக்கு. இப்போது ஊருக்கு ஊர் எல்இடி போட்டு ராத்திரி முழுக்க வெளிச்சம். அது நேராக விழுகிற இடத்தில் செவ்வந்தியை வைத்தால், செடிக்கு இரவே வராமல், மொட்டு வைப்பது தள்ளிப்போகும். வெளிநாட்டுப் பண்ணைகளில் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றே நடுராத்திரியில் விளக்குப் போடுகிறார்கள். தெரு ஓரத்துச் செடியைச் சுவரின் மறுபக்கம் மாற்றி வையுங்கள்.

இனி தண்ணீர். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் இல்லையே என்று கவலை, நம் களிமண்ணில் தேங்கி நின்றுவிடுமே என்பதுதான் கவலை. வாய்க்காலில் தண்ணீர் ஓடி, சுற்றிலும் நடவு முடிந்து வயல் நிறைந்து நிற்கும்போது கொல்லையிலும் ஈரம் கீழேயிருந்து ஏறும். அதன்மேல் ஐப்பசி அடைமழை. அவரை ஓரளவு தாங்கும், ஆனால் தேங்கிய தண்ணீரில் வேருக்குக் காற்றுப் போகாமல் முடிச்சுகள் முதலில் அடிபடும், இலை மஞ்சளாகும். செவ்வந்தியோ தாங்கவே தாங்காது, வேரழுகல் வந்து முழுச் செடியும் துவண்டுவிடும். கொள்ளிடக் கரையோரம் படுகை மண் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, வண்டல் தண்ணீரை வடித்துவிடும். மற்றவர்கள் மேட்டுப்பாத்தி போடுங்கள். ஒரு முழ உயரம், ஆற்று வண்டலும் மக்கிய எருவும் களிமண்ணோடு கலந்தது, சுற்றி வடிகால். மேட்டின் மேல் செவ்வந்தி, சரிவில் அவரை. செவ்வந்திக்கு வடக்குப் பக்கமாகப் பந்தலைப் போட்டால், மழை முடிந்தபின் தெற்கே சாய்ந்து வரும் வெயில் தடையில்லாமல் பூவுக்குக் கிடைக்கும். இலை மேல் ஊற்றாமல், காலையில் வேரடியில் ஊற்றுங்கள்.

பூச்சி பற்றி ஒரு வார்த்தை. அவரையின் இளந்துளிரில் எறும்பு ஏறி இறங்கினால் அங்கே அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி வந்திருக்கிறது. நுனியை ஒடித்து எறிந்துவிட்டு, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் சரி. அதே அசுவினி வகையறா செவ்வந்தி மொட்டிலும் உட்காரும், ஆக மொட்டுகளையும் தினம் ஒரு பார்வை பாருங்கள்.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர் உண்டு, உறையூரில் செவ்வந்தி நந்தவனம் வைத்துப் பூசித்த முனிவர் கதையைத் தலபுராணம் சொல்கிறது. அப்பேர்ப்பட்ட பூவை நாம் சந்தையில் மட்டுமே வாங்குவது எனக்கு வருத்தம்தான்.

மாசி வாக்கில் அவரை ஓய்ந்ததும், முற்றி உலர்ந்த நெற்றுகளை விதைக்கு எடுத்துக்கொண்டு, கொடியை வேரோடு பிடுங்காமல் தரையோடு அறுங்கள். வேர் மண்ணிலேயே மக்கட்டும். வேரில் மிஞ்சும் தழைச்சத்து கொஞ்சம்தான், அதனால் கொடியையும் இலையையும் நறுக்கி அதே பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள். பூத்து முடிந்த செவ்வந்தியைக் கட்டையாக வெட்டிவிட்டால் அடியில் தூர்க்கன்று வரும். அதைப் பிரித்து, கோடையில் நிழல் காட்டிக் காப்பாற்றி, அடுத்த பட்டத்துக்கு அவரை நின்ற இடத்தில் நடுங்கள், அவரையைப் பக்கத்துப் பாத்திக்கு மாற்றுங்கள். நன்றி, வணக்கம்.