ஏரியில் எத்தனை பறவை என்பது பாதிக் கணக்கு

அனைவருக்கும் வணக்கம்.

கையில் ஒரு பழைய நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். பின்வரிசைக்குத் தெரியாது, வாசித்துக் காட்டுகிறேன். 1994-இல் நான் எழுதியது. "3/12. பெரிய ஏரி. நா.கோ. 40. செ.நா. 12. மழை, திரும்பிவிட்டோம்." ஒரு காலை முழுக்க நடந்ததற்கு மிச்சம் இவ்வளவுதான்.

நா.கோ. என்றால் நாமக்கோழி. அதில் சந்தேகமில்லை. செ.நா. என்பது செந்நாரையா, செங்கால் நாரையா? செந்நாரை நம் ஏரிகளில் கோரைக்குள் நிற்கும், அடிக்கடி பார்க்கலாம். செங்கால் நாரை பனிக்காலத்தில் வெகுதூரத்திலிருந்து வரும் பறவை. அது பன்னிரண்டு சேர்ந்து இறங்கியிருந்தால் பெரிய செய்தி. எழுதிய எனக்கே இன்று விளங்கவில்லை. எந்தப் பெரிய ஏரி என்பதும் மறந்துவிட்டது. எங்கள் பக்கம் ஊருக்கு ஒரு பெரிய ஏரி உண்டு. எல்லாம் நினைவில் நிற்கும் என்ற நம்பிக்கையில், எனக்காகத்தானே எழுதுகிறோம் என்று சுருக்கிவிட்டேன். முப்பது வருடம் கழித்து அதைத் திறந்தவன் வேறு ஆள்.

படித்து ஆராய்ச்சி செய்கிறவர்களும் இதில் நம்மைவிடப் பெரிய ஒழுங்கு இல்லை. செடிகள், விலங்குகளின் உடல் அளவுகளை வைத்து எழுதப்பட்ட 516 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, எழுதியவர்களிடமே மூலத் தரவைக் கேட்டுப் பார்த்தார்கள். முடிவு 2013 கடைசியில் கரண்ட் பயாலஜி இதழில் வந்தது. கட்டுரைக்கு ஒரு வயது கூடக் கூட, அதன் தரவு பிழைத்திருக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 விழுக்காடு வீதம் சரிந்திருந்தது. மின்னஞ்சல் முகவரி செத்துப் போயிருக்கும். இல்லையென்றால் தரவு ஏதோ ஒரு பிளாப்பியில் இருக்கும், அதைப் படிக்கும் கருவி இருக்காது. நம் ஓலைச்சுவடிகள் தாங்கின என்று பெருமை பேசுகிறோம். ஓலை தானாகவா தாங்கியது? ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ உட்கார்ந்து படியெடுத்தார்கள்.

சரி, பழையது போனால் போகட்டும், இன்றிலிருந்து எண்ணலாமே என்பீர்கள். 2023-இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைப் பாருங்கள். சுமார் 30,000 பறவை நோக்கர்கள் இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றிய 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை அலசியிருக்கிறார்கள். அதில் நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 இனங்களுக்கு மட்டும். அவற்றில் 60 விழுக்காடு குறைந்துவந்திருக்கின்றன. மற்ற அறுநூறு சொச்சம் இனங்களுக்கு அப்படி ஒரு கணக்குப் போடுமளவு தரவு இல்லை. நீண்டகாலம் என்றால் 2000-க்கு முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும், அந்தக் காலத்துப் பதிவுகளோ வெகு குறைவு. பழைய நோட்டுகளைத் தேடியெடுத்து, பக்கம் பக்கமாகக் கணினியில் ஏற்றியவர்களால்தான் இந்த அளவாவது முடிந்தது. என் நோட்டைப் போன்றவை எத்தனை பரணில் கிடக்கின்றனவோ!

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, அதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தேன். இருபது வருடத்துக்கு முன் பத்துப் பேர் பார்த்தார்கள், இன்று ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். பனங்காடையைப் பற்றிய பதிவு நூறு மடங்கு கூடியிருக்கும். பனங்காடை பெருகிவிட்டது என்று அர்த்தமா? பெருகியது பார்க்கிற ஆட்கள். அதனால் எத்தனை பதிவு என்று எண்ணாமல், ஒருமுறை போய்ப் பார்த்து எழுதியது ஒரு பட்டியல் என்று வைத்து, நூறு பட்டியலை எடுத்தால் அதில் எத்தனையில் பனங்காடை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் அன்று நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் ஈடுகட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு நிற்க ஒரு நிபந்தனை உண்டு. அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையையும் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். அப்போதுதான் பட்டியலில் பனங்காடை இல்லை என்றால் கண்ணில் படவில்லை என்று கொள்ளலாம். அரியதை மட்டும் பொறுக்கி எழுதிய பட்டியலில் ஒரு பறவை இல்லாததற்கு எந்த அர்த்தமும் கிடையாது. எத்தனை மணிக்குத் தொடங்கினீர்கள், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம், எத்தனை பேர்: இந்த நாலும் இல்லாமல் 40 நாமக்கோழி என்பது பாதிக் கணக்கு. பத்து நிமிடத்தில் 40 என்பதும் நாலு மணி நேரத்தில் 40 என்பதும் ஒன்றாகாது.

அப்புறம், பலர் எழுதியதை ஒன்றாகச் சேர்க்கும்போது வரும் கூத்து. நான் எழுதிய 3/12 டிசம்பர் 3. அமெரிக்க வழக்கப்படி அமைத்த கணினிக்கு அது மார்ச் 12. வலசை வந்த பறவைகள் கிளம்பத் தொடங்கும் நேரம்! வேடந்தாங்கல் வடக்கே ஏறத்தாழ 12.5 டிகிரி, கிழக்கே ஏறத்தாழ 80 டிகிரி. அட்சரேகை கட்டத்தில் தீர்க்கரேகையைப் போட்டுவிட்டால் நம் கூழைக்கடா வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் உட்காரும். சிரிக்கிறீர்கள், ஆனால் இந்தத் தவறு உலகம் முழுக்க நடக்கிறது. பெயர்களும் மாறுகின்றன. நீலத் தாழைக்கோழிக்கு ஆங்கிலத்திலேயே பர்ப்பிள் மூர்ஹென், பர்ப்பிள் ஸ்வாம்ப்ஹென், கிரே-ஹெடட் ஸ்வாம்ப்ஹென் என்று மூன்று பெயர் ஆகிவிட்டது. ஒரே இனமாக இருந்ததைப் பல இனங்களாகப் பிரித்ததில் அறிவியல் பெயரும் மாறியது. பழைய நோட்டில் இருப்பதும் புதிய நோட்டில் இருப்பதும் ஒரே கோழிதான் என்று யாராவது உட்கார்ந்து பொருத்த வேண்டும்.

இதற்காகத்தான் டார்வின் கோர் என்று ஒரு பொது வடிவம் வைத்திருக்கிறார்கள். 2009-இல் ஏற்கப்பட்டது. தேதி இப்படி, இடம் இப்படி, பெயர் இப்படி என்று நெடுவரிசைக்கு நெடுவரிசை ஒப்பந்தம், வேறொன்றும் பெரிய வித்தை இல்லை. கோபன்ஹேகனில் இருந்து இயங்கும் ஜிபிஐஎஃப் என்ற உலகளாவிய உயிரினத் தரவு அமைப்பு அந்த வடிவத்தில் அருங்காட்சியகங்களில் பாடம் செய்து வைத்த பறவைகளின் பதிவுகளையும் நேற்றைய ஏரிப் பட்டியலையும் ஒரே இடத்தில் சேர்க்கிறது.

எண்ணும் முன்பே ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தினர் 1988-இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து எல்லை கட்டினார்கள். மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், 1 சென்டிமீட்டர் விட்டத்துக்குக் குறையாத ஒவ்வொரு மரத்துக்கும் தகடு கட்டி அளந்தார்கள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே பரப்பில், அதே முறையில் செய்திருந்தார்கள். அதனால்தான் யானையும் காட்டுத்தீயும் உள்ள நம் வறண்ட காட்டை அந்த மழைக்காட்டோடு வைத்துப் பார்க்க முடிகிறது.

இங்கே எழும் கேள்வி எனக்குத் தெரியும். "வெயிலில் அலைந்தது நான், ஏசி அறையில் கட்டுரை எழுதுவது இன்னொருவரா?" நியாயமான கோபம். ஜிபிஐஎஃபில் தரவை இறக்குபவருக்கு ஒரு நிரந்தர எண் கிடைக்கிறது, அதைக் கட்டுரையில் போட்டால் எந்தத் தொகுப்பிலிருந்து எடுத்தது என்று தெரியும். நல்ல ஏற்பாடு, ஆனால் எனக்குப் போதவில்லை. காட்டில் மரத்தைத் தொட்டுப் பார்த்துப் பெயர் சொன்ன பழங்குடி உதவியாளருக்கு அந்த எண்ணில் இடமில்லை. அவர் பெயரையும் களக்குறிப்பிலேயே எழுதுங்கள், அவர் சம்மதித்தால்.

எல்லாவற்றையும் திறந்து வைக்கவும் கூடாது. கூடு இருக்கும் இடத்தைத் துல்லியமாகப் போட்டால் முதலில் வருவது ஆய்வாளர் அல்ல, வேட்டைக்காரரும் கேமராக் கூட்டமும்தான். இ-பேர்டு அதனால்தான் சில இனங்களின் இடத்தை மறைத்துவிடுகிறது. நீங்களும் கூட்டின் படத்தை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் போடாதீர்கள்.

நாளை காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் நடக்கிறோம். பைனாகுலர் இல்லாதவர்களும் வரலாம். சிறு நோட்டு, பென்சில் போதும், மழையில் பேனா கரையும். கிளம்பும் நேரத்தை முதல் வரியில் எழுதுங்கள், ஏரியின் முழுப் பெயரை இரண்டாவது வரியில். அப்புறம், காக்கையை விட்டுவிடாதீர்கள். அதுவும் பட்டியலில் வர வேண்டும்.